29,000 பவுண்டு சம்பாதிக்காதவர் கணவனோடு வாழக் கூடாதா?

"நீதான் சிட்டிசன் ஆச்சேம்மா, ஒரு ஃபார்ம் போட்டா அவன் வந்துடப் போறான்" என்று கல்யாணத்துக்கு முன்னால் அத்தை சொன்னார். அதைத் தப்பாகச் சொல்லவில்லை. ஊரில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏன், இங்கேயே பல வருஷமாக இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் சிலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, முறைப்படி கல்யாணம் ஆகியிருக்கிறது, பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, அப்புறம் என்ன தடை இருக்க முடியும் என்பது நியாயமான கேள்விதான்.

தடை இருக்கிறது. அது என் கணவர் மேல் போட்ட தடை இல்லை, என் மேல் போட்ட தடை. இதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை, அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன். குடியேற்ற விதி என்றால் வெளியிலிருந்து வருகிறவரைச் சோதிக்கிற விதி என்று நினைப்போம். ஸ்பவுஸ் விசாவில், அதாவது கணவனையோ மனைவியையோ பிரிட்டனுக்கு அழைத்துவருகிற விசாவில், பெரும்பகுதிச் சோதனை உள்ளே இருக்கிறவருக்குத்தான். என் கணவர் என்ன படித்தார், என்ன வேலை தெரியும், இங்கே வந்தால் எவ்வளவு சம்பாதிப்பார் என்று யாரும் கேட்பதில்லை. நான் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்பதுதான் கேள்வி. 29,000 பவுண்டுக்கு ஒரு பவுண்டு குறைந்தாலும், சேமிப்பை வைத்து ஈடுகட்ட முடியாவிட்டால், பொதுவாக விசா கிடைக்காது.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

2012 ஜூலை 9 அன்று, தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, குடும்ப விசா விதிகளை மொத்தமாக மாற்றினார்கள். அதுவரை 'போதுமான வருமானம்' என்று பொதுவாக இருந்த நிபந்தனை போய், குறிப்பிட்ட ஒரு தொகை வந்தது: 18,600 பவுண்டு. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத ஒரு குழந்தையும் கூட வந்தால் 22,400, அதற்கு மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400. அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழு சொன்ன கணக்கு அது. இந்த அளவு சம்பாதிக்கிற தம்பதி வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிற அரசு உதவி எதையும் வாங்க வேண்டியிருக்காது என்பது அதன் அடிப்படை. எனக்கு அந்தக் கணக்கிலும் உடன்பாடு இல்லை, ஆனால் ஒரு தர்க்கமாவது இருந்தது: வருகிறவர் மற்றவர்களின் வரிப்பணத்தில் வாழக் கூடாது, சரி.

2023 டிசம்பர் 4 அன்று அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி அந்த வரம்பை 38,700 ஆக்கப் போவதாக அறிவித்தார். ஒரேயடியாக இரண்டு மடங்குக்கு மேல். எங்களுக்கு நிச்சயம் முடிந்து, தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தாயிற்று. அன்றைக்கு இரவு செய்தியைப் படித்துவிட்டு அவரோடு போனில் பேசினேன். ரெண்டு பேருமே ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கடும் எதிர்ப்பு கிளம்பியதால் அதே மாதம் 21ஆம் தேதி அரசு கொஞ்சம் இறங்கி வந்தது: 2024 ஏப்ரல் 11 முதல் 29,000, பிறகு 34,500, கடைசியில் 38,700 என்று படிப்படியாக. முதல் படி ஏறியாயிற்று. அந்த ஜூலையில் ஆட்சி மாறியதும் மீதி இரண்டு படிகளை நிறுத்தி வைத்தார்கள். நான் இதை எழுதும்போதும் 29,000தான்.

இந்த 29,000க்கு அரசு சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள். திறன்மிகு வேலை விசாவுக்குத் தகுதியான வேலைகளின் சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் கீழிருந்து கால்வாசித் தூரத்தில் நிற்கிற சம்பளம் அது. 38,700 என்பது நட்ட நடுவில் நிற்கிற சம்பளம். அதாவது வெளிநாட்டிலிருந்து ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்த அளவுகோல் வைக்கிறார்களோ, அதே அளவுகோலை எடுத்துக் குடும்பத்துக்கும் வைத்துவிட்டார்கள். 'அரசு உதவி தேவைப்படாத அளவு' என்ற பழைய காரணம் காணாமலே போய்விட்டது. கம்பெனிக்கு அந்த அளவுகோல் பொருந்தும், ஏனென்றால் குறைந்த கூலிக்கு வெளியே ஆள் பிடித்து உள்ளூர் சம்பளத்தை இறக்கிவிடக் கூடாது. நான் என் கணவரை வேலைக்கு எடுக்கவில்லை. அவருக்கு நான் சம்பளம் கொடுக்கப் போவதில்லை. அவர் வருகிறது என்னோடு வாழ்வதற்கு. இந்த ஒரு விஷயத்தை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

2025 ஜூனில் அதே ஆலோசனைக் குழு மறுபடி ஓர் அறிக்கை கொடுத்தது. வேலை விசா சம்பளத்தோடு குடும்ப வரம்பை முடிச்சுப் போடுவதற்குச் சரியான காரணம் தெரியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். 38,700க்குப் போகவே வேண்டாம் என்றார்கள். 23,000 முதல் 25,000 வரை வைத்தால் தம்பதி தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியும் என்று ஒரு கணக்கும் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வு சந்தோஷம்தான், கொஞ்சம் அழுகையும் வந்தது. நாங்கள் புலம்பியது வெறும் புலம்பல் இல்லை என்று அதிகாரபூர்வமாக ஒரு குழு சொல்கிறது.

சரி, 29,000 பெரிய தொகையா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2025 ஏப்ரலில் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸாக இருந்தது. அந்தக் கூலியில் வாரம் 40 மணி நேரம், ஒரு வாரம் விடாமல் வருஷம் முழுக்க உழைத்தால் 25,400 பவுண்டு தேறாது. 29,000 வேண்டுமென்றால் வாரம் 46 மணி நேரம் கிட்டத்தட்ட. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர், பள்ளிக்கூட உதவியாளர், கடையில் பில் போடுகிறவர், ஆபீஸ் சுத்தம் செய்கிறவர், இவர்களில் பெரும்பாலானவர்கள் சட்டப்படியான கூலியில் முழு நேரம் உழைத்தும் சொந்த நாட்டில் கணவனோடோ மனைவியோடோ வாழ முடியாது. இந்த வேலைகளில் பெண்கள்தான் அதிகம். குழந்தையை வைத்துக்கொண்டு பாதி நேர வேலை பார்க்கிற பெண்ணுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அப்பாதான் விசா கிடைக்காமல் வெளியே இருக்கிறார். லண்டனுக்கும் வேல்ஸில் ஒரு சின்ன ஊருக்கும் இதே எண்தான்.

நான் பள்ளிக்கூட உதவியாளர். பள்ளி நடக்கிற வாரங்களுக்கு மட்டும் சம்பளம், அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். என் கணவர் திருச்சி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், நல்ல சம்பளம், எங்கே வேண்டுமானாலும் வேலை கிடைக்கிற படிப்பு. அவர் சம்பளம் இந்தக் கணக்கில் பூஜ்யம். வெளிநாட்டில் இருக்கிற கணவனோ மனைவியோ வேலையில் வாங்குகிற சம்பளத்தை முதல் விண்ணப்பத்தில் சேர்க்கவே மாட்டார்கள். இங்கே அவருக்காக ஒரு வேலை ஆர்டர் கையில் இருந்தாலும் சேராது.

சேமிப்பைக் காட்டலாமே என்பார்கள். காட்டலாம், அதற்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் 16,000 பவுண்டைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் இருப்பதை இரண்டரையால் வகுத்து வருகிறதுதான் வருமானக் குறையை ஈடுகட்டும். வருமானமே இல்லாதவர் முழுக்கச் சேமிப்பை மட்டும் வைத்துப் போட்டால் 88,500 பவுண்டு வேண்டும், அதுவும் ஆறு மாதம் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். நம்ம ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி. மாமா ஒரு நாள் போனில், "அந்த ஆத்தோர நிலத்தை வேணா குடுத்துடலாம்மா, நீ கவலைப்படாதே" என்றார். பரம்பரை நிலம். அவர் மனசார சொன்னார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டவே வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டு, பள்ளி முடிந்து சாயங்காலத்தில் இன்னொரு வேலை தேட ஆரம்பித்தேன். இரண்டு வேலைச் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம், விதி அதற்கு இடம் தருகிறது.

இங்கேதான் இந்த விதியின் உள்ளே இருக்கிற ஒரு கொடுமை எனக்குப் புரிந்தது. சாயங்கால வேலை மணிக்கணக்குக் கூலி. மணிக்கணக்கு வேலைக்குக் கடைசி ஆறு மாதச் சம்பளத்தின் சராசரியை எடுத்து வருஷக் கணக்காக்குவார்கள். ஒரு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் சராசரி விழுந்துவிடும். மாதச் சம்பள வேலையிலோ அந்த ஆறு மாதத்தில் எது குறைந்தபட்சமோ அதைத்தான் எடுப்பார்கள். ஆக அந்த மாதங்களில் சம்பளமில்லா விடுப்பு எடுக்க முடியாது. அதே விண்ணப்பத்தின் இன்னொரு பக்கத்தில், உங்கள் உறவு உண்மையானது, தொடர்ந்து நடக்கிறது என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். அதற்கு என்ன ஆதாரம்? நேரில் போய்ப் பார்த்தது, சேர்ந்து தங்கியது, விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை. புருஷனைப் போய்ப் பார்த்தால் வருமானம் குறையும், பார்க்காவிட்டால் உறவின் மேல் சந்தேகம் வரும். புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடி ஒரு மாதம் பிரித்து வைத்தாலே பாட்டுப் பாடுகிற ஊர் நம்முடையது. நான் தலை தீபாவளிக்குப் போகவில்லை. அந்த வாரம் எனக்கு இரண்டு கூடுதல் ஷிஃப்ட் கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

ஆவணங்களைப் பற்றி எழுதினால் தனிப் பதிவே போடலாம், ஆனால் நம்மவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை ஆங்கிலத்தில் எழுதுகிற யாரும் சொல்வதில்லை. பெயர். என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. கல்யாணப் பதிவுச் சான்றிதழில் சார்பதிவாளர் அலுவலகத்தில் எனக்கு இனிஷியல் மட்டும் போட்டுவிட்டார்கள். அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில். அவருடைய பேங்க் கணக்கில் இனிஷியல் பின்னால், பட்டச் சான்றிதழில் முன்னால். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு அப்படித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஒரு தனிக் கடிதத்தில் இந்தப் பெயரில் வருகிற இவரும் அந்தப் பெயரில் வருகிற அவரும் ஒருவரே, எங்கள் வழக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தை இப்படி எழுதுவோம் என்று வரிசையாக விளக்கி, அவரிடம் ஊரில் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கி வைத்தேன்.

அப்புறம் வாட்ஸ்அப். எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். காதலித்து ஊர் சுற்றிய போட்டோக்கள் கிடையாது. விதியில் எங்குமே அப்படிக் கேட்கவில்லை, இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், திருமணம் செல்லுபடியாக வேண்டும், சேர்ந்து வாழும் எண்ணம் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் பயம். ராத்திரி உட்கார்ந்து மாதத்துக்குச் சில பக்கமாக எங்கள் சாட்டைத் தேர்ந்தெடுத்தேன். எதை எடுத்தாலும் சாப்டியா, பஸ் கிடைச்சுதா, இன்னைக்கு அம்மாவுக்கு சுகர் எவ்ளோ, கரன்ட் போயிடுச்சு, அப்புறம் பேசறேன். இதை ஒரு அதிகாரி படித்து என்ன முடிவுக்கு வருவார்? எனக்கு அதுதான் என் கல்யாணம். அதை ஆங்கிலத்தில் மாற்றி, சான்றளித்து, பக்க எண் போட்டு, யாரென்றே தெரியாத ஒருவர் முன்னால் வைப்பது என் உடம்பெல்லாம் கூசுகிற வேலையாக இருந்தது. இன்னும் அது மறக்கவில்லை.

பணம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: 2025 ஏப்ரல் கட்டணப்படி வெளிநாட்டிலிருந்து போடுகிற விண்ணப்பத்துக்கு 1,938 பவுண்டு, அதோடு மருத்துவச் சேவைக் கட்டணம் வருஷத்துக்கு 1,035 வீதம் மூன்று வருஷக் கணக்கில் 3,105. ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு எல்லாம் தனி. வக்கீல் வைத்தால் அது இன்னும் தனி. இந்த விசா இரண்டே முக்கால் வருஷத்துக்குத்தான். அப்புறம் நீட்டிப்பு, மறுபடி கட்டணம், ஐந்து வருஷம் முடிந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு மறுபடி கட்டணம். ஆங்கிலமும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படி மேலே காட்ட வேண்டும்: முதலில் ஏ1, பிறகு ஏ2, கடைசியில் பி1. இத்தனை கட்டியும் அவர் அரசு நிதி உதவி எதுவும் வாங்க முடியாது என்று விசாவிலேயே நிபந்தனை உண்டு. வரிப்பணத்துக்குப் பாரம் என்ற வாதம் எனக்குப் புரியாமல் போவது இங்கேதான். பாரமாக இருக்க முடியாதபடி முன்பே தடுத்தாயிற்று, சிகிச்சைக்கும் முன்பணம் வாங்கியாயிற்று, அப்புறமும் எதற்கு என் சம்பளச் சீட்டு?

இதைவிட வலிக்கிற ஒப்பீடு ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் வேலை விசாவில் வந்தவர், மென்பொருள் துறை. மனைவியும் அவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினார்கள். அவருக்கென்று சம்பள நிபந்தனை உண்டுதான், ஆனால் மனைவிக்காகத் தனியாக ஒரு வருமான வரம்பு கிடையாது. 285 பவுண்டு சேமிப்புக் காட்டினால் போதும், கம்பெனி பொறுப்பேற்றுக்கொண்டால் அதுகூட வேண்டாம். அவர் மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. அவருக்குக் கிடைத்தது சரி. அது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பராமரிப்புப் பணியாளராக வர இருந்தவர்களிடமிருந்து அந்த உரிமையையும் 2024 மார்ச்சில் பறித்துவிட்டார்கள், நம் வீட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுகிறவர்கள் தங்கள் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியதாயிற்று.

இதெல்லாம் புதுசு இல்லை என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், தன்னை மணக்கப் போகிறவரைத் தேடி வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். ஏற்கனவே மனைவியாக இருந்துகொண்டு வருங்கால மனைவி என்று பொய் சொல்கிறாரோ என்ற சந்தேகமாம். கார்டியன் பத்திரிகை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் அது நின்றது. எண்பதுகளில் இன்னொரு விதி: கல்யாணத்தின் முதன்மை நோக்கம் இங்கே வருவது இல்லை என்று விண்ணப்பிக்கிறவரே நிரூபிக்க வேண்டும். ஒரு மனிதர் தன் மனசில் இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பார்? நம் துணைக்கண்டத்து மாப்பிள்ளைகள் ஏராளமானோர் அதில் அடிபட்டார்கள். 1997இல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

1985இல் வந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆண்கள் மனைவியை எளிதாக அழைத்துவரலாம், பெண்கள் கணவனை அழைத்துவர முடியாது என்று இருந்ததை எதிர்த்து, இங்கே சட்டப்படி குடியிருந்த மூன்று பெண்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அது பாலினப் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. அரசு என்ன செய்தது? பெண்களுக்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ஆண்களுக்கும் அதே கெடுபிடியைப் போட்டுச் சமமாக்கிவிட்டார்கள்.

கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கத்தான் இவையெல்லாம் என்று ஒரு காரணமும் சொல்வார்கள். அந்தக் கவலை உண்மையானது, எங்கள் பள்ளியில் வேலை செய்கிற யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் அதற்காக 2008இல் விசாவுக்கான வயதை 21 ஆக்கியபோது, யாரும் கட்டாயப்படுத்தாமல் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பிரிட்டிஷ் பெண்ணும் சிலி நாட்டு இளைஞரும் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த வயது வரம்பு அவர்களுடைய குடும்ப உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. வருமான வரம்பு வழக்கில் அப்படி ஒரு நல்ல முடிவு கிடைக்கவில்லை. 2017 பிப்ரவரியில், விதி பலருக்குக் கஷ்டம் கொடுத்தாலும் கொள்கையளவில் அது சட்டவிரோதம் இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைகளின் நலனையும், வேறு நம்பகமான வருமானங்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று சொன்ன அளவில் ஒரு பலன். அதற்குள் அப்பாவையோ அம்மாவையோ கணினித் திரையில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 'ஸ்கைப் குடும்பங்கள்' என்று ஒரு பெயரே வந்துவிட்டது.

மற்ற நாடுகளிலும் கதை இதேதான், வேறு வேறு ரூபத்தில். டென்மார்க்கில் 2002 முதல் இருவருக்கும் 24 வயது முடிந்திருக்க வேண்டும் என்ற விதி, அதனால் எத்தனையோ டேனிஷ்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்வீடனின் மால்மோவில் குடியேறி, அங்கிருந்து தினமும் சொந்த நாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், முன்பு இருந்தவர்கூட, அந்த நாட்டுக் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். நம் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் அங்கே கட்டட வேலையில் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் ஒரு சுற்று வழி இருந்தது: வேறு ஐரோப்பிய நாட்டுக்குப் போய்ச் சில காலம் வேலை செய்துவிட்டுத் துணையோடு திரும்பி வருவது. 1992இல் சுரீந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் கிடைத்த உரிமை அது. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம், 2022 மார்ச்சோடு அதையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனசு வராது. 2012க்கு முன் வருகிறவருக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு இருந்தது, அதை ஐந்தாக்கினார்கள். அந்த ஐந்து வருஷமும் வந்தவருடைய விசா இங்கே இருக்கிறவரின் கையில். நல்ல மனுஷன் என்றால் பிரச்சனை இல்லை. இல்லையென்றால், "பேசாம இரு, இல்ல உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். நம் பெண்கள் இதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில் வன்முறையால் உறவு முறிந்தால் கணவனுடைய தயவு இல்லாமலே இங்கே தங்க வழி இருக்கிறது. முதலில் மூன்று மாதத்துக்கு அரசு உதவி வாங்கும் உரிமையோடு தற்காலிக அனுமதி கேட்கலாம், அந்த இடைவெளியில் நேரடியாக நிரந்தர வசிப்புரிமைக்கே விண்ணப்பிக்கலாம், ஐந்து வருஷம் முடிய வேண்டியதில்லை. விடுமுறைக்கு என்று ஊருக்குக் கூட்டிப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டு வருகிற ஆண்களும் இருக்கிறார்கள். அப்படிக் கைவிடப்பட்டவர்களும் 2024 ஜனவரி 31 முதல் வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அடிப்பது மட்டும் வன்முறை இல்லை, பணத்தைப் பிடுங்கி வைப்பதும் மிரட்டி வைப்பதும் சட்டப்படி வன்முறைதான். இதை யாருக்காவது அனுப்ப வேண்டும் என்று தோன்றினால் இந்தப் பத்தியை மட்டுமாவது அனுப்புங்கள்.

அவர் வந்துவிட்டார். வந்து சில மாதத்தில் அவர் துறையிலேயே வேலையும் கிடைத்தது, என் இரண்டு வேலையையும் சேர்த்தால் வருகிறதைவிட அவர் சம்பளம் அதிகம். நீட்டிப்பு விண்ணப்பத்தில் அவர் இங்கே சம்பாதிப்பதையும் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் சாயங்கால வேலையை விட்டுவிட்டேன். இப்போது யாராவது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான்: சம்பளத்தை ரொக்கமாக வாங்காதீர்கள், சம்பளச் சீட்டில் இருக்கிற தொகை அப்படியே பேங்கில் விழ வேண்டும். சொந்தத் தொழில் என்றால் கணக்கு முழு நிதியாண்டுக்குக் கேட்பார்கள், அந்த வருமானத்தோடு சேமிப்பைச் சேர்த்துக் காட்ட முடியாது, இதை முன்பே பார்த்து வையுங்கள். நீங்கள் மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகையோ பராமரிப்பாளர் உதவித்தொகையோ வாங்குகிறவர் என்றால் 29,000 உங்களுக்குப் பொருந்தாது, வேறு கணக்கு உண்டு. பணம் குறைகிறது, ஆனால் குழந்தை இருக்கிறது என்றால் நீங்களாக முடியாது என்று முடிவு செய்யாதீர்கள், 2017 தீர்ப்புக்கு அப்புறம் விதிவிலக்குக் கேட்க இடம் இருக்கிறது, அதற்கு மட்டும் பதிவு பெற்ற ஆலோசகரிடம் போங்கள். கல்யாணச் சான்றிதழில் பெயர் எழுதும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி போடச் சொல்லுங்கள். மண்டப வேலை, சமையல் வேலை எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொள்ளட்டும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் நீங்களே நேரில் போங்கள்.